நான்காம் பாடம்

நீங்கள் இரவல் கொடுத்திருந்த டேப்லெட்டை நேற்றே துடைத்து, சார்ஜரோடும் காதில் மாட்டும் கருவியோடும் அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது. அது எங்கள் வீட்டில் விழுந்ததுதான்.

கூடவே நீங்கள் அனுப்பிய அனுமதிக் கடிதமும் கிடைத்தது. அப்பாவின் பேச்சுப் பயிற்சிக் காணொளிகளை உங்களிடம் படிக்கும் மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறீர்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டும் இடம் மாறிப்போன ஒருவரிடம் குடும்பத்தார் எப்படிப் பொறுமையாகப் பேச வேண்டும் என்பதற்கு இவ்வளவு நல்ல உதாரணம் கிடைப்பது அரிது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துக்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிடுவதுதான் முறை.

முதலில் என்னைப் பற்றி. திரையில் நீங்கள் அதிகம் பார்த்தது என் வலது தோளையும், அப்பாவின் தண்ணீர் டம்ளரை நகர்த்தும் கையையும்தான். நான் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். காத்திருந்து சலித்துப்போய் எழுந்து வருகிறவர்களைத் திரும்ப உட்கார வைப்பதுதான் அந்த வேலையின் சாரம். “வரிசைப்படிதான் கூப்பிடுவாங்க, அடுத்தது நீங்கதான்” என்பேன். பெரும்பாலும் அடுத்தது அவர்கள் இல்லை. ஆனாலும் உட்கார்ந்துவிடுவார்கள். அதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். உங்களிடம் அவர் பழகிய இரண்டாவது பாடமே அதைப் பற்றியதுதான். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் முதலில் மெஷினைத் தொடக் கூடாது, உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பார். கதவு இடுக்கில் வாயை வைத்து, என்ன சாப்பிட்டீங்க, பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க என்று விசாரித்துக்கொண்டே சாவியைத் திருப்புவார். ஒரு பெண்மணி வெளியே வந்த பிறகும் தன் மருமகளைப் பற்றிய கதையை முடிக்க முடியாமல் இவரோடு இரண்டு மாடி நடந்தே இறங்கினாராம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு எங்கள் வீட்டில் அப்பாதான் சாட்சி. அந்த வாய்தான் முதலில் போனது.

எனக்கு ஒரு தங்கை. அப்பா அவளுக்கு வைத்த செல்லப்பெயர் வாலு. அவள் நர்ஸ். பதினோரு வருடத்துக்கு முன் அம்மாவின் வயிற்றில் கட்டி வந்தபோது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று அடித்துச் சொன்னவள் அவள்தான். அம்மா ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, “நீதான்டி அவளைக் கொன்னுட்ட” என்று அப்பா அவளைப் பார்த்துச் சொன்னார். ஒரே மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை, ‘அப்பா எப்படி இருக்கார்?’ என்று எனக்கு ஒரு வரி வரும். ‘நல்லா இருக்கார்’ என்று நானும் ஒரு வரி அனுப்புவேன். இரண்டு பேரும் சிக்கனக்காரிகள்.

பதினோரு வருடமும் அப்பாவோடு இருந்தது நான். மருத்துவமனையில் தலைமைப் பதவியோடு வேறு ஊர்க் கிளைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய ஒருவர் இரண்டு வருடம் காத்திருந்தார். அப்பாவைத் தனியாக விட முடியாது என்றேன். அவரும் நல்லவர், புரிந்துகொண்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நான் செய்ததற்கு இது காரணம் என்று கோர்ட்டில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும்.

முதல் நாள் நீங்கள் திரையில் வந்து நோயை விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும், சொல்வதெல்லாம் புரியும், ஆனால் வார்த்தை வாய்க்கு வந்து சேராது, நாளாக ஆக இன்னும் குறையும் என்றீர்கள். போகிற பேச்சைத் தடுக்க முடியாது. ஆனால் நாலைந்து வரி கொண்ட சின்னச் சின்னப் பேச்சுகளை இப்போதே எழுதி, தினம் அரைமணி நேரம் சொல்லிச் சொல்லிப் பழகினால், மற்றதெல்லாம் போன பிறகும் அவை மட்டும் நாக்கில் நிற்கும் என்றீர்கள். அப்பா அதைப் பாடம் என்றார். உங்களை வாத்தியாரம்மா என்றார். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவரே யோசித்து நாலு பாடம் எழுதட்டும் என்று நீங்கள் சொன்னதும், ஒரு வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய சர்வீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். என்னிடம் தட்டச்சு செய்து அனுப்பக் கொடுத்தார்.

முதல் பாடம் கடைக்காரர்களுக்கும் தெரியாதவர்களுக்கும்: ‘எனக்குப் பேச்சு வராது. புத்தி நல்லா இருக்கு. கொஞ்சம் பொறுங்க.’ இரண்டாவது, தன் வேலையைப் பற்றி. மூன்றாவது, கூட வேலை பார்த்த சதுரங்கக் கூட்டாளிக்கு: ‘விட்டுக்குடுத்து ஆடினா வீட்டுக்கு வராத.’ நான்காவது வாலுவுக்கு.

எனக்கு ஒன்றும் இல்லை. தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“எனக்குப் பாடம் கிடையாதாப்பா?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அப்போது அவருக்குப் பேச்சு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“உனக்கு... எதுக்கு?” என்றார்.

கூடவே இருப்பவளிடம் மனப்பாடம் செய்து பேச வேண்டியதில்லை என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பார். இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அப்படிக் கேட்கவில்லை. போகப் போகிற வார்த்தைகளில் எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு மனிதர் ஒரு வாரம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். சதுரங்கம் ஆடுகிறவருக்குக்கூட அதில் இடம் இருக்கிறது.

சுலபமானதில் ஆரம்பிப்போம், முக்கியமானது கடைசியில் இருக்கட்டும், அதற்குள் ஐயாவுக்குப் பயிற்சி முறை பழகிவிடும் என்றீர்கள். அது சரியான யோசனைதான். அதனால் நான்காவது தாள் ஐந்து மாதம் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதற்கு முறை வந்தபோது அப்பாவின் வலது கையும் பென்சிலைப் பிடிக்கவில்லை. பாடங்களைத் தவிர வாயில் மிஞ்சியிருந்தது பத்துப் பதினைந்து வார்த்தைகள். அதில் உறுதியாக வந்தவை இரண்டு: ஆமா, இல்ல.

நான் உங்களுக்கு அனுப்பிய நான்காம் பாடம் இது: ‘வாலு, நான் நல்லா இருக்கேன். அக்கா என்னை நல்லா பாத்துக்கறா. நீ சிரமப்பட்டு வர வேண்டாம். அங்கயே சந்தோஷமா இரு.’

இதில் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வழக்கம்போல ஒவ்வொரு வரியையும் உங்கள் வாய் மட்டும் பெரிதாகத் தெரியும்படி பதிவு செய்து அனுப்பினீர்கள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் திரையில் வந்து, முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

அப்பா முதலில் உங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இல்ல” என்றார். இடது கையால் மேஜையைத் தட்டி, “இல்ல, இல்ல” என்றார்.

“ஐயா, இது உங்க பாடம் இல்லையா?” என்று கேட்டீர்கள்.

நான் யோசித்து வைத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். நோயைப் பற்றி நீங்கள் கொடுத்திருந்த கையேட்டை நான் அடிக்கடி படிப்பேன். அதில் பதினான்காம் பக்கத்தில் இருந்தது வாயில் வந்தது. “மேடம், அவருக்கு இப்பல்லாம் ஆமாமும் இல்லையும் மாறிடுது. ரெண்டு மூணு வாரமா இப்படித்தான்” என்றேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. அதைப் பதிவு செய்வது என் கடமை. சோதித்துப் பார்க்கலாம் என்று பத்துக் கேள்வி கேட்டீர்கள். நீங்க உக்காந்திருக்கீங்களா? இப்போ பகலா? இவங்க உங்க பொண்ணா? ஏழு கேள்விக்கு ஆமாம் என்பதுதான் சரியான பதில். அப்பா பத்துக்கும் “இல்ல” என்றார். அவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே இல்லை. உங்களைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்து, என்னிடம் பத்து முறை சொன்னார். திரையில் அவர் பக்கவாட்டு முகம் மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்தில் ஏழு தவறு என்று குறித்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. அவர் இல்லை என்றால் ஆமாம். ஆமாம் என்றால் இல்லை. ஒரு மனிதர் மறுக்கிற வழியை மூடுவதற்கு ஒரு வாக்கியம் போதும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

நீங்கள் ‘ஆமா’வுக்குப் பச்சை அட்டையும் ‘இல்ல’வுக்குச் சிவப்பு அட்டையும் தபாலில் அனுப்பினீர்கள், வாய் மாறினாலும் கை மாறாமல் இருக்கலாம் என்று. இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். இரண்டு நாள் அவர் சிவப்பையே எடுத்தார். மூன்றாம் நாள் சிவப்பு அட்டையைத் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். பச்சை மட்டும் இருந்தது. அதை அவர் தொடவில்லை. அட்டை அவருக்கு ஒத்துவரவில்லை என்று உங்களுக்கு எழுதினேன்.

ஒரு வாரம் பாடத்துக்கு வாயைத் திறக்காமல் இருந்தார். பட்டினி கிடக்கிறவரைப் போல உதட்டை இறுக்கிக்கொண்டார். எட்டாம் நாள் காலையில் அவருக்கு முகம் கழுவிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன்.

“அப்பா, உங்க பாடத்தை நான் எங்கயும் தூக்கிப் போடல. இழுப்பறையிலதான் இருக்கு. ஆனா அது கஷ்டமான வார்த்தையாம். இதை முதல்ல முடிச்சாதான் அதுக்குப் போக முடியுமாம். வாத்தியாரம்மா வரிசைப்படிதான் போவாங்க. அடுத்தது அதுதான்.”

அப்பா நாற்பது வருடம் படிப்படியாக வேலை செய்தவர். ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போனால் ஆள் சாவான் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர். வரிசை என்றதும் அவருக்குப் புரிந்தது. என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஆமா” என்றார். அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கினார்.

எட்டு வாரம் அவர் உழைத்ததை நீங்கள் பாராட்டினீர்கள். அரைமணி போதும் என்றீர்கள், அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். எச்சில் வழியும், துடைத்துக்கொண்டு திரும்பச் சொல்வார். ‘அக்கா என்னை நல்லா பாத்துக்கறா’ என்ற வரிதான் அவருக்கு மிகவும் தகராறு செய்தது. அதை மட்டும் தனியாக ஒருநாள் முப்பது முறை சொன்னார். ஒவ்வொரு நாளும் முடித்தவுடன் இழுப்பறையை இடது கையால் தட்டிக் காட்டுவார். “நாளைக்குப் பார்க்கலாம்ப்பா” என்பேன். நான் சமையலறையில் நின்றுகொண்டு அந்த வரியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்கு இனித்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கமாக இருக்கிறது.

பாடம் யாருக்காக எழுதப்பட்டதோ அவரிடமே ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் முறை. வாலுவை அழைக்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை திரை மூன்றாகப் பிரிந்தது. நீங்கள், நாங்கள், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் ஓய்வறையில் சீருடையோடு அவள். தலை பாதி நரைத்திருந்தது. “அப்பா” என்றாள். அப்பா திரையைத் தொட்டார்.

அவர் பாடத்தைச் சொல்லவில்லை. நீங்களும் பார்த்தீர்கள். வாயைத் திறந்து, வேறெதையோ இழுக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எதுவும் வரவில்லை. “ஏதாவது சொல்லுங்கப்பா” என்று அவள் அழுதாள். நீங்கள் உதவி செய்வதற்காக “வாலு...” என்று முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தீர்கள். அவ்வளவுதான். பழகிய நாக்கு, ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுவில் நிறுத்த வாயை இடது கையால் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்தும், நீ சிரமப்பட்டு வர வேண்டாம் என்பது தெளிவாகவே கேட்டது.

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “நான் வரட்டுமாப்பா? ஒரே ஒரு தடவை?” என்றாள்.

“ஆமா” என்றார் அப்பா. “ஆமா. ஆமா. ஆமா.”

நான் எதுவும் சொல்லவில்லை. என்னை மன்னியுங்கள், சொன்னது நீங்கள். எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாக, இந்த நோயில் ஆமாமும் இல்லையும் மாறிப்போகும், ஐயாவுக்கு அப்படித்தான், சோதித்துப் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்கு விளக்கினீர்கள். அப்பா அழுதார். காரணமில்லாமல் அழுகை வருவதும் இதில் உண்டு என்றீர்கள். வாலு நர்ஸ் அல்லவா, புரிந்துகொண்டாள். தலையை ஆட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

அன்றைக்குப் பிறகு அப்பா டேப்லெட்டின் பக்கம் திரும்பவில்லை. இழுப்பறையையும் தட்டவில்லை. பயிற்சியில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதினேன். ஏழு மாதம் இருந்தார். மற்றப் பாடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நீங்கள் சொன்னது சரிதான், நன்றாகப் பழகியது நின்றது. சதுரங்கக் கூட்டாளி வந்து கையைப் பிடித்தாலும், டாக்டர் மார்பில் குழாய் வைத்தாலும், அவரையும் மீறி அந்த நாலு வரிதான் வந்தது. அது வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் போன பிறகு வாலு வந்தாள். வர வேண்டாம் என்று அப்பா சொன்னதை மதித்துத்தான் இத்தனை நாள் வரவில்லை என்றாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீதான்க்கா அவரைப் பாத்துக்கிட்ட. எனக்கும் சேர்த்துப் பாத்துக்கிட்ட” என்றாள். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எந்த நோயும் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்ட அனுமதியை நான் தர முடியாது. அந்தக் காணொளிகளில் இருப்பது நோய் அல்ல. அப்பாவுக்கு ஆமாமும் இல்லையும் ஒரு தடவைகூட மாறவில்லை. கடைசி நாள்வரை ஒவ்வொரு ஆமாமும் ஆமாம், ஒவ்வொரு இல்லையும் இல்லை. அதை அறிந்தே உங்களிடம் மாற்றிச் சொன்னேன். அவர் எழுதிய நான்காவது தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வாலுவின் முகவரி உங்களிடம் இருக்கிறது. நீங்களே அனுப்பிவிடுங்கள், என்னால் முடியவில்லை. பென்சில் மங்கியிருப்பதால் இங்கே எழுதுகிறேன்: ‘வாலு, அம்மா போனதுக்கு நீ காரணம் இல்ல. கோவத்துல சொல்லிட்டேன். தப்பு என்னுது. வீட்டுக்கு வா.’

தினமும் நிரப்பச் சொன்ன குறிப்புத் தாள்களும் முழுதாக இந்தப் பெட்டியில் இருக்கின்றன. கேட்ட கேள்வி, அவர் சொன்னது, அதன் பொருள் என்று மூன்று கட்டம். பயிற்சி நின்ற பிறகும் நான் அதை நிறுத்தவில்லை, ஒருநாள்கூட விட்டதில்லை. மற்றத் தாள்களை நீங்கள் கிழித்துப் போட்டாலும் சரி. கடைசித் தாளை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்கிறேன். அது அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால் எழுதியது. காலையில் தலையணையைச் சரிசெய்துவிட்டுக் கேட்டேன், “அப்பா, நான் உங்களை நல்லா பாத்துக்கிட்டேனா?” என்று. கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்து, திக்காமல், “இல்ல” என்றார். முதல் கட்டத்தில் கேள்வியை எழுதினேன். இரண்டாவதில் ‘இல்லை’ என்று எழுதினேன். மூன்றாவதில் ‘ஆமாம்’ என்று எழுதினேன்.